கனடாக் கோட் யாழ்ப்பாணத்து அலுமாரியில் பழுதாகும்போது

பனிக்காலத்துக்கு ஊரில் வந்து நிற்கிற சொந்தக்காரர் இப்போது அநேகமான வீடுகளில் உண்டு. றொரன்ரோவிலோ லண்டனிலோ விமானம் ஏறும்போது கோட் உடம்பில் இருக்கும். கட்டுநாயக்காவில் இறங்கும்போது அது கைக்கு வந்துவிடும். வான் வண்டியில் ஏறி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, விடியப்புறம் வீடு வந்து சேர்ந்ததும் கோட் அலுமாரிக்குள் போகும். பங்குனியிலோ சித்திரையிலோ திரும்பும் நாள் வரைக்கும் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

குளிர்நாட்டில் கோட்டை எடுத்து வைப்பது கோடைக்கு. அங்கே எழுதப்படுகிற பராமரிப்புக் குறிப்புகள் எல்லாம் அந்தக் காலத்தை மனதில் வைத்தவை. எங்களிடம் வருகிற கோட் அலுமாரிக்குள் போவது ஐப்பசி கார்த்திகையில், வாடை தொடங்கி வருடத்து மழையில் பெரும்பங்கு கொட்டுகிற நேரத்தில். விலங்கின் ரோமத்தோலில் தைத்த ஃபர் கோட்டுகளைக் காசுக்குப் பாதுகாக்கும் கடைகள் கனடாவில் இருக்கின்றன. அவர்களின் குளிர் அறையில் வெப்பம் 7 முதல் 10 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 50 சதவீதத்தை ஒட்டியிருக்கும். மாரியில் எங்கள் அறைக்குள் வெப்பம் 25 முதல் 28 பாகை. ஈரப்பதன் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு வைக்கிற கோட்தான் பழுதாகிறது.

எங்கள் வீட்டில் மாரிதோறும் நாலைந்து கோட் தொங்கும். அக்காவுடையது, மைத்துனருடையது, சின்னம்மாவுடையது. சில கோட்டைக் காப்பாற்றியிருக்கிறேன், ஒன்றை முற்றாக இழந்திருக்கிறேன். என்ன கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்: இது எந்த ரோமம்?

ரோமத்தை வாயால் ஊதிப் பிரித்து அடியைப் பாருங்கள். தோல் தெரிந்தால் உண்மையான ஃபர். துணியின் நெசவு தெரிந்தால் செயற்கை. இன்னும் சந்தேகமென்றால் இரண்டு மயிரைப் பிடுங்கி, முற்றத்தில் வைத்து, தீக்குச்சியில் காட்டுங்கள். தலைமயிர் கருகிய மணம் வந்து, நசுக்கினால் தூளாகும் சாம்பல் மிஞ்சினால் அது விலங்கின் ரோமம். பிளாஸ்ரிக் மணத்தோடு உருகி மணியாகத் திரண்டால் அக்ரிலிக்.

இதைப் பார்க்காமல் வேலை தொடங்க வேண்டாம். அக்ரிலிக்கைக் குளிர்தண்ணீரில் மெல்லிய சவர்க்காரம் போட்டுக் கையால் அலசி நிழலில் காயவிடலாம். பூச்சியும் அதைத் தின்னாது. உண்மையான ஃபருக்குத் தண்ணீர் ஆகாது.

தொப்பி ஓரத்தில் மட்டும் ரோமம் வைத்த ஜக்கெற்றுகளில்தான் கூடுதலான குழப்பம். கனடா கூஸ் நிறுவனம் 2022 முடிவதற்குள் ஃபர் வைத்துத் தைப்பதை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. அதற்கு முன் வாங்கிய அவர்களின் ஜக்கெற்றுகள் பலவற்றில் இருப்பது கொயோட்டி என்ற விலங்கின் உண்மையான ரோமம். பெரும்பாலும் அந்த ஓரத்தைச் சிப்பையோ பொத்தானையோ கழற்றித் தனியாக எடுக்கலாம். எடுத்துவிடுங்கள். ஜக்கெற்றுக்கு ஒரு பராமரிப்பு, ரோமத்துக்கு வேறொன்று.

வெள்ளையாகப் பூத்திருக்கிறது

மாரியில் கூடுதலாகக் காண்பது இதைத்தான். சின்னம்மா ஒருமுறை ஃபர் கழுத்து வைத்த கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்தார். சலவைக்குக் கொடுத்தபோது வந்த பொலித்தீன் உறையோடு அப்படியே சுவர் அலுமாரியில் கொழுவினோம். தூசி படாது என்று நினைத்தோம். தைப்பொங்கலுக்குப் புதுப்பானை எடுக்கப் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"பிள்ளை, இதை ஒருக்கா வந்து பார். கோட்டிலை மா கொட்டினது ஆர்?"

மா இல்லை. தோள்பட்டையிலும் அக்குளிலும் வட்டம் வட்டமாகச் சாம்பல் வெள்ளை. கிட்டப் போனால் ஈரச் சாக்கின் மணம். பொலித்தீனின் உட்பக்கத்தில் சின்னச் சின்ன நீர்த்துளிகள் ஒட்டியிருந்தன. கோட்டுக்குள் இருந்த ஈரமே வெளியேற வழியில்லாமல் அங்கே தங்கியிருக்கிறது. அந்த அலுமாரியின் பின்பக்கம் வீட்டின் வெளிச்சுவர். அதில் மழைச்சாரல் நாள் முழுக்க அடிக்கும்.

பூஞ்சணம் கண்டால் முதலில் அறைக்குள் உதற வேண்டாம். உதறினால் வித்துகள் மற்ற உடுப்புகளுக்கும் போகும், உங்கள் நெஞ்சுக்குள்ளும் போகும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கோட்டை அப்படியே வெளியே கொண்டுபோய், விறாந்தையிலோ மாமர நிழலிலோ காற்று பிடிக்கிற இடத்தில் கொழுவுங்கள். மழை வெளித்த நாளாகப் பாருங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் தொங்கவிட்டால் பூஞ்சணம் காய்ந்து பொடியாகும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது அப்பிக்கொள்ளும். காய்ந்தபின் தட்டினால் போய்விடும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, மெல்லிய தூரிகையால் ரோமம் படிந்திருக்கிற திசையிலேயே தட்டுங்கள். எதிர்த்திசையில் தேய்க்க வேண்டாம்.

உள்துணியில் புள்ளி இருந்தால் பஞ்சில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒற்றியெடுங்கள். முதலில் உள்மடிப்பில் ஒரு இடத்தில் தொட்டுச் சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைத் தொடவே கூடாது. அசற்றேற் உள்துணி அதில் கரைந்துவிடும். வினாகிரியும் தேசிக்காய்ப்புளியும் வேண்டாம். அமிலம் ஃபரின் அடித்தோலை அரிக்கும்.

வெயில்? கம்பளிக் கோட்டென்றால் உட்பக்கத்தை வெளியே திருப்பிக் காலை வெயிலில் அரை மணித்தியாலம் போடலாம். ஃபருக்கு வெயிலே கூடாது. நிறம் வெளுக்கும், தோல் இறுகும். அயலிலிருந்து நல்லெண்ணத்தோடு சொல்வார்கள், "வெயிலிலை போட்டு எடுங்கோ, எல்லாம் சரியாப்போம்" என்று. பட்டுக்கும் பாய்க்கும் தெரிந்த வைத்தியத்தை ஃபருக்குச் சொல்கிறார்கள். கேட்க வேண்டாம்.

கோட்டைத் துப்புரவாக்கி அதே அலுமாரியில் திரும்பக் கொழுவினால் இரண்டு கிழமையில் திரும்பவும் பூக்கும். அலுமாரியின் உட்பலகையை ஸ்பிரிட் துணியால் துடைத்து, கதவைத் திறந்துவைத்து, மின்விசிறியை ஒரு பகல் முழுக்க அதற்கு நேரே ஓடவிடுங்கள். பிறகு இடத்தை மாற்றுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி மாரியில் எதற்கும் உதவாது. வீட்டின் நடுவிலுள்ள உட்சுவரோடு, தரையிலிருந்து உயர்ந்து, பின்பக்கம் நாலு விரல் இடைவெளி விட்டு நிற்கிற அலுமாரிதான் வேண்டும். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் வேப்பமர அலுமாரி அப்படி நிற்கிறது. அம்மாவின் கூறைச்சேலை பழுதில்லாமல் இருப்பதும் அதற்குள்தான்.

சின்ன டிஜிற்றல் ஈரமானி ஒன்று வாங்கி அலுமாரிக்குள் இரண்டு நாள் வையுங்கள். ஊகத்தில் வேலை செய்வது அதோடு நிற்கும். 65 சதவீதத்துக்கு மேலே நின்றால் பூஞ்சணம் வரும். 60க்குக் கீழே கொண்டுவந்தால் எங்கள் ஊருக்கு அது பெரிய வெற்றி. ஏசி உள்ள அறையென்றால் அலுமாரிக் கதவைத் திறந்துவைத்து, ஈரம் குறைக்கும் நிலையில் ஒரு நாளைக்கு மூன்று நாலு மணித்தியாலம் ஓடவிடலாம். ஏசி இல்லாத வீட்டுக்குச் சிலிக்கா ஜெல் உண்டு. ஆனால் சப்பாத்துப் பெட்டியில் வந்த இரண்டு சின்னப் பொட்டலங்களைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அவை ஒரு நாளிலேயே நிறைந்துவிடும். கிலோக் கணக்கில் நிறம் மாறுகிற வகையை வாங்கித் துணிப்பையில் கட்டி வைக்க வேண்டும். நிறம் மாறியதும் அவணில் 120 பாகை அளவில் சூடாக்கினால் திரும்பவும் பாவிக்கலாம். ஈரத்தை இழுத்துத் தண்ணீராகச் சேர்க்கும் டப்பாக்களும் விற்கிறார்கள். அந்தத் தண்ணீர் சிந்தினால் தோலைக் கெடுக்கும். அதனால் கோட்டுக்கு நேர் கீழே வைக்காமல், மூலையில் ஒரு கோப்பைக்குள் வையுங்கள்.

சிலர் அலுமாரிக்குள் சின்ன மின்குமிழ் எரியவிடுவார்கள். ஈரம் குறைவது உண்மை. ஆனால் ரோமத்துக்குக் கிட்டச் சூடான குமிழ் என்றால் எனக்குத் துணிவில்லை. நீற்றாத சுண்ணாம்பைச் சட்டியில் வைப்பதும் பழைய வழக்கம்; அதன் தூசி தோலைச் சுடும், ஃபருக்கும் கூடாது.

ரோமம் கொட்டுகிறது

கையை வைத்தால் ரோமம் கையோடு வருகிறது என்றால் எப்படி வருகிறது என்று பாருங்கள். மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

இடையிடையே ஒன்றிரண்டு மயிர் முழுநீளமாக வருகிறதா? தோள்பையின் பட்டி உரசுகிற இடம், ஆசனப் பட்டி படுகிற இடம், சட்டைக்கையின் ஓரம் என்றால் அது தேய்மானம். கவலைப்பட ஒன்றுமில்லை.

அடியில் கத்தரித்ததுபோல அறுந்து வருகிறதா, அந்த இடத்தில் தோல் வழுக்கையாகத் தெரிகிறதா? பூச்சி. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கொத்துக் கொத்தாக, அடியில் தோலின் துணுக்கும் சேர்ந்து வருகிறதா? இதுதான் மோசமானது. ஃபரின் அடித்தோல் பதனிடப்பட்டது. உள்ளேயிருக்கிற எண்ணெய்தான் அதைக் கையுறைபோல மென்மையாக வைத்திருக்கிறது. சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்தால் தோலின் நார்கள் உள்ளேயே அறுந்து பலமிழக்கும். மேலே ரோமம் பளபளவென்றிருக்கும், கீழே தோல் அப்பளமாகியிருக்கும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நல்ல ஃபர் கோட்டுகள் பலவற்றில் உள்துணியின் கீழ்விளிம்பு தைக்கப்படாமல் சும்மா தொங்கும். அதைத் தூக்கினால் தோலின் உட்பக்கம் தெரியும். இரண்டு விரலால் பிடித்து மெல்ல மடித்துப் பாருங்கள், காதையும் கிட்டக் கொண்டுபோங்கள். சத்தமில்லாமல் துணிபோல மடிந்தால் தோல் உயிரோடு இருக்கிறது. காய்ந்த பனையோலையை மடிப்பதுபோலச் சரசரத்தால் நிறுத்துங்கள். மேற்கொண்டு இழுத்தால் அந்த இடத்திலேயே கிழியும்.

இந்த நிலையில் வீட்டில் செய்யக்கூடிய திருத்தம் எதுவுமில்லை. செய்யக்கூடாதவை உண்டு. தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். தோல் காய்ந்தால் எண்ணெய் என்பது எங்களுக்குக் கைவந்த பழக்கம், ஆனால் அந்த எண்ணெய் சிக்கு நாறும், எறும்பு வரும், ரோமம் பிசுபிசுக்கும். கிழிந்த இடத்தை ஊசியால் தைக்க வேண்டாம். ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் அடுத்த கிழிசலின் தொடக்கம். பசைநாடா ஒட்டினால் பிறகு அதை எடுக்கும்போது தோலும் வரும். தட்டையாகக் கிடத்தி, கிழிந்த இடத்தின் கீழே வெள்ளைப் பருத்தித்துணி ஒன்றை விரித்து, திரும்பிப் போகும்போது அங்கேயுள்ள ஃபர் வேலை தெரிந்தவரிடம் காட்டும்படி சொல்லிவிடுங்கள்.

இங்கே சலவைக்குக் கொடுப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூஞ்சணம் பூத்த அந்தச் சின்னம்மாவின் கோட்டை நாங்கள் நகரத்தில் ஒரு சலவைக்கடையில் கொடுத்தோம். "கவனமாச் செய்து தருவம் அக்கா" என்றார்கள். தண்ணீரில் போட்டு, இஸ்திரியும் போட்டுவிட்டார்கள். கம்பளிப் பகுதி ஓரளவு தப்பியது. கழுத்து ரோமத்தின் தோல் சுருங்கி மேளத்தோல்போல விறைத்துப் போனது. சின்னம்மா ஒன்றும் பேசவில்லை. அது அவர் கனடாவில் முதன்முதலாகச் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கோட். ஃபரைத் தண்ணீரிலும் கழுவுவதில்லை, சாதாரண உலர்சலவைத் திரவத்திலும் கழுவுவதில்லை. அந்தத் திரவம் தோலின் எண்ணெயை உறிஞ்சிவிடும். குளிர்நாட்டு ஃபர்காரர்கள் பெரிய உருளைக்குள் மரத்தூளோடு போட்டுச் சுற்றித்தான் ஊத்தை எடுக்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் ஃபர் கழுவக் கொடுக்க வேண்டாம்.

துளை விழுந்திருக்கிறது, சுவரில் சாம்பல் நிறக் கூடுகள்

உங்கள் வீட்டுச் சுவரில், கூரைக்குக் கிட்ட, பூசணி விதை அளவில் தட்டையான சாம்பல் நிறக் கூடு ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் ஒரு முனையிலிருந்து கபிலத் தலை எட்டிப்பார்த்து, கூட்டையும் இழுத்துக்கொண்டு நகரும். பலர் அதை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது அந்துப்பூச்சி இனத்துப் புழு. சிலந்திவலை, உதிர்ந்த தலைமயிர், கம்பளி எல்லாம் அதற்குச் சாப்பாடு. அலுமாரி உள்ள அறையில் ஒரு கூடு கண்டாலே கோட்டை வெளியே எடுத்துப் பாருங்கள்.

தின்பது புழுதான், பறக்கிற அந்து எதையும் தின்னாது. பறப்பதை அடித்துக் கொன்றுவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் முட்டைகளை மறந்துவிடுகிறார்கள். கொலரின் கீழே, பொக்கற்றின் உள்ளே, கைமடிப்பில் தேடுங்கள். பட்டுநூல் போன்ற வலை, மணல்போன்ற எச்சம், சின்னக் கூடு, இவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தைத்தான் புழு முதலில் பிடிக்கும். அதனால்தான் வந்த அன்றைக்கே கோட்டைக் கறை பார்த்துத் துப்புரவாக்கி வைக்கச் சொல்கிறேன்.

கொல்வதற்கு நான் நம்புகிற ஒரே வழி குளிர். கோட்டைத் தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை இயன்றளவு வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டி, −18 பாகையில் ஓடுகிற பெட்டிவடிவ உறைகுளிரூட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். வீட்டுப் பிரிஜ்ஜின் மேல்தட்டு போதாது, கதவு அடிக்கடி திறபடும். எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் ஐஸ்கிறீம் பெட்டியில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினோம். வெளியே எடுத்தபின் பையை உடனே அவிழ்க்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, அறைச்சூட்டுக்கு வந்தபிறகு திறக்க வேண்டும். உடனே திறந்தால் எங்கள் ஈரக்காற்று குளிர்ந்த ரோமத்தில் நீராகப் படிந்து, பூச்சியைக் கொன்று பூஞ்சணத்தை வாங்கியதாகிவிடும். பொலித்தீன் பையைப் பாவிக்கலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு வேலைக்கு மட்டும்.

வேப்பிலை, புகையிலை, வசம்பு பற்றிக் கேட்பீர்கள். அந்து முட்டையிட வருவதை அவை ஓரளவு தடுக்கலாம். உள்ளே இருக்கிற புழுவைக் கொல்லாது. பச்சை வேப்பிலையை வைத்தால் அதுவே ஈரம். நன்றாகக் காய்ந்ததைத் துணியில் கட்டி, கோட்டில் படாமல் கொழுவினால் கெடுதல் இல்லை.

மணம் போகவில்லை

பூச்சி உருண்டை மணமா, ஈரச் சாக்கு மணமா, குசினி மணமா என்று முதலில் பிரித்தறியுங்கள். ஈரச் சாக்கு மணம் என்றால் பூஞ்சணம். மேலே போய்ப் பாருங்கள்.

நப்தலீன் உருண்டையின் மணம் ரோமத்தின் எண்ணெயில் ஏறினால் இலேசில் இறங்காது. நிழலில், காற்றோட்டத்தில் கிழமைக்கணக்கில் தொங்கவிடுவதே வழி. மாசி பங்குனியின் உலர்ந்த நாட்கள் அதற்கு நல்லவை. மூடிய பெரிய பெட்டிக்குள் கோட்டையும், அதில் படாமல் ஒரு தட்டில் சிரட்டைக்கரியையும் வைத்தால் கொஞ்சம் இழுக்கும். வாசனைத் திரவியம் அடிக்க வேண்டாம். அதிலுள்ள அற்ககோல் ரோமத்தைக் காய வைக்கும்.

உருண்டையோடு கற்பூரத்தையும் சேர்த்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் திண்மந்தான், ஆனால் ஒன்றோடொன்று பட்டால் எங்கள் சூட்டில் உருகி எண்ணெய்போல வழியும். அந்தக் கறை துணியை விட்டுப் போகாது. இதைவிட முக்கியமான காரியம் ஒன்று உண்டு. பச்சைக்குழந்தை உள்ள வீட்டில் நப்தலீன் வேண்டாம். ஜி-சிக்ஸ்-பி-டி என்கிற நொதியக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த ஆவியே குருதியின் செவ்வணுக்களை உடைத்து, கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரும். உருண்டை போட்டு வைத்த கம்பளியைக் குழந்தைக்குப் போர்த்துவதையும் தவிருங்கள். குறைபாடு இருக்கிறதா என்று பார்த்து அறிய முடியாது.

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் பொரியல் புகையும் ரோமத்தில் ஒட்டும். பருத்தித் துணியில் கழுத்திலிருந்து கால்வரை மூடுகிற உறை ஒன்று தைத்துப் போடுங்கள். பழைய வேட்டி போதும். புகையையும் தூசியையும் தடுக்கும், ஈரத்தை வெளியே விடும்.

தோல் செதில் செதிலாக உரிகிறது

கறுத்த ஜக்கெற்றின் கழுத்திலிருந்து தோல் உரிந்து தோளில் கொட்டுகிறது என்றால் அது விலங்குத் தோல் இல்லை. துணிமேல் பொலியூரிதேன் பூசியது. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் இரசாயனக் கட்டை உடைக்கிறது. பாவிக்காமல் பூட்டி வைத்தாலும் உடையும். ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் வழியில்லை. விற்கிறவர் எதைத் தந்தாலும் காசு கொடுக்க வேண்டாம்.

பனிச் சப்பாத்துக்கும் இதே கதி. மைத்துனர் ஐந்து வருடம் எங்கள் வீட்டில் விட்டிருந்த ஒரு சோடி பூட்ஸை எடுத்துப் போட்டு முற்றத்தில் நாலு அடி வைத்தார். அடிப்பாகம் ஊறிய றஸ்க்போலப் பொடிந்து, அவர் நடந்த தடத்தில் கிடந்தது. மேற்பக்கம் புதிதுபோலவே இருந்தது. பொலியூரிதேன் அடி உள்ள சப்பாத்தை வருடக்கணக்கில் இங்கே விட்டுச்செல்ல வேண்டாம். விட்டிருந்தால், விமான நிலையத்துக்குப் போட்டுக்கொண்டு கிளம்புவதற்கு முன் பெருவிரலால் அடியை அழுத்திப் பாருங்கள். விரல் பதிந்த அடையாளம் மறையாமல் நின்றால் அதை நம்பி வழிக்கு இறங்க முடியாது.

உண்மையான தோல் ஜக்கெற் இறுகியிருந்தால், தோலுக்கென்று விற்கிற களிம்பை மிகக் கொஞ்சமாகத் தடவலாம். இது மயிரில்லாத தோலுக்கு மட்டும்.

இறகு ஜக்கெற் கட்டிபட்டுப் போனது

தாரா, வாத்து இறகு அடைத்த ஜக்கெற்றில் உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. இதைக் கழுவலாம், ஆனால் காயவைக்க முடியும் என்றால்தான் கழுவ வேண்டும். மாரியில் தொடங்க வேண்டாம். பங்குனியில், காற்றோட்டமான நிழலில் தட்டையாகப் போட்டு, மூன்று நாலு நாளைக்கு அடிக்கடி எடுத்து விரலால் உருண்டைகளைப் பிரித்து, தட்டி, திருப்பிப் போடுங்கள். மேலே காய்ந்ததுபோலத் தெரிந்த பிறகும் ஒரு நாள் விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் பற்றியும் ஒரு சொல்: எங்கள் நிலத்தின் கீழே சுண்ணக்கல். தண்ணீர் கடினம், சவர்க்காரம் திரைந்து வெள்ளைப் படிவாக இறகிலும் கம்பளியிலும் ஒட்டும். கார்த்திகையில் கூரைப் பீலியில் வடிகிற மழைத்தண்ணீரைப் பிடித்து மூடிவைத்தால் இந்த வேலைக்கு உதவும்.

காற்றை உறிஞ்சி அமுக்குகிற பைகளில் இறகு ஜக்கெற்றை மாதக்கணக்கில் வைத்தால் திரும்ப எழும்பாது. பயணப் பெட்டிக்குள் ஒரு நாள் என்றால் பரவாயில்லை. ஃபரை அதில் வைக்கவே கூடாது.

ரோமம் படிந்துவிட்டது, நிறம் மாறிவிட்டது

படிந்த ரோமத்துக்கு ஆவியும் வேண்டாம், தலைமயிர் காயவைக்கிற கருவியும் வேண்டாம். தோளில் பிடித்து இரண்டு மூன்று தரம் நன்றாக உதறி, அகலத் தோள் உள்ள மர ஹாங்கரில், இரண்டு பக்கமும் ஒரு சாண் வெளி விட்டுக் கொழுவினால் இரண்டு நாளில் எழும்பும். மழையில் நனைந்தாலும் இதே முறைதான்.

வெள்ளை ரோமம் மஞ்சளாவதும் கபிலம் செம்மையாவதும் வெளிச்சத்தாலும் காற்றாலும் வருகிற மாற்றம். திரும்பாது. வெளுக்க முயல வேண்டாம்.

சிப் இறுகிவிட்டது, ஹாங்கர் கறை

உப்புக்காற்று உலோகச் சிப்பில் பச்சை பூக்க வைக்கும். பழைய பல்தூரிகையால் தேய்த்துவிட்டு, பற்களின்மேல் மெழுகுதிரியைத் தேய்த்து மெல்ல ஏற்றி இறக்குங்கள். கம்பி ஹாங்கரின் துருக்கறை தோளில் விழுந்தால் கம்பளியிலிருந்து எடுப்பது கடினம். வந்த அன்றே கம்பி ஹாங்கரை எறிந்துவிடுங்கள்.

புறப்படும் கிழமை

பயணத்துக்கு ஏழு நாள் முன்னம் எடுங்கள். முதல் நாள் இரவு எடுத்தால் எதைக் கண்டாலும் செய்ய நேரமில்லை. உறையைக் கழற்றி விறாந்தையில் கொழுவி, மேலே சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள்: மணம், கொலரின் அடி, பொக்கற், கீழ்விளிம்பில் தோல், சிப். பெட்டியில் வைப்பதானால் மடிப்புக்குள் வெள்ளைத்துணி சுருட்டி வைத்து, கடைசியாக எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பெட்டியைப் பூட்டியபின் மிளகாய்த்தூளும் ஒடியலும் கருவாடும் வேறு பெட்டியில்தான் போகிறதா என்று ஒருமுறை கேளுங்கள். இந்த முறை சின்னம்மா புறப்பட்டபோது கோட்டைக் கையிலேயே வைத்திருந்தார், பருத்தி உறையோடு. பளையைத் தாண்டும்போது வான் வண்டியிலிருந்து அழைத்தார்.

"பிள்ளை, இப்ப மணந்து பாத்தனான். வேட்டி மணம் மட்டுந்தான் வருது."